குட்டிக்கானம் இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கவில்லை, கேரவன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வண்டிப்பெரியாறு வாசி | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கேள்வி.

பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி கேரவனாக மாற்றியிருக்கிறேன். நாலு சிலிண்டர் டர்போ டீசல், அஞ்சு கியர், ஏர் பிரேக். உள்ளே நாலு படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை, தண்ணீர் டேங்க். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபோது தலைக்கேறிய ஆசை. வாடகைக்கு விடலாம் என்றுதான் நினைத்தேன். இப்போது வீட்டுக்காரி அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

நேற்று அதிகாலை குடும்பத்தோடு குமரகத்துக்குக் கிளம்பினோம். குட்டிக்கானம் தாண்டி இறக்கம் தொடங்கியதும் நாலாவது கியரில் இருந்தபடியே ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் லீவரை (புகைக்குழாயை அடைத்து இன்ஜினாலேயே வண்டியைப் பிடிக்க வைக்கும் பிரேக்) இழுத்தேன். ‘உஸ்’ என்று சத்தம் வந்தது, டேஷ்போர்டில் விளக்கும் எரிந்தது. வண்டி மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது. வளஞ்சாங்கானம் அருவி வளைவில் காலை பிரேக்கில் வைத்தவன், முறிஞ்சபுழை தாண்டியும் எடுக்கவில்லை. பெருவந்தானம் வரும்போது பெடல் ஒரு மாதிரி ஆழமாகப் போனது. பிரேக் லைனர் கருகும் நாற்றம். ஓரங்கட்டிப் பார்த்தால் பின் சக்கரம் இரண்டிலும் புகை.

மச்சினன் குடத்தில் தண்ணீரைக் கொண்டு வந்துவிட்டான். எதிரே நின்ற ஆட்டோ சேட்டன் ஓடி வந்து அவன் கையைப் பிடித்து, “டிரம் பொட்டும்” என்றார், சூட்டில் தண்ணீர் பட்டால் பிரேக் டிரம் வெடித்துவிடும் என்று அர்த்தம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, டீ குடித்து, முண்டக்கயம் வரை உருட்டிக்கொண்டே போனோம்.

கேள்வி இதுதான்: சத்தம் வருகிறது, விளக்கு எரிகிறது, பிடிக்க மட்டும் மாட்டேன் என்கிறதே, ஏன்?

—

ஓய்வு ஓட்டுநர், கம்பம் | ஞாயிறு, இரவு 9:40

தம்பி, நாலாவது கியரில் குட்டிக்கானம் இறங்கினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி பதில் அதில் இருக்கிறது.

நான் 31 வருடம் மலைப் பாதையில் பஸ் ஓட்டியவன். குமுளி மலை எனக்கு வீட்டு வாசல் மாதிரி. எங்கள் காலத்துப் பஸ்களில் எக்ஸாஸ்ட் பிரேக் தரையில் ஒரு பொத்தானாக இருக்கும், இடது குதிகாலால் மிதிக்க வேண்டும். மிதித்தால் வண்டியை யாரோ பின்னால் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருக்கும். ஆனால் அது மூணாவதிலோ ரெண்டாவதிலோ, இன்ஜின் நன்றாகச் சுற்றும்போதுதான். நாலில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், அதில் எக்ஸாஸ்ட் போட்டால் ஊதுகிற சத்தம்தான் மிச்சம்.

ஏறும்போது எந்தக் கியர் கேட்கிறதோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பார்கள். உங்கள் வண்டி முண்டக்கயத்திலிருந்து குட்டிக்கானம் ஏறும்போது எதில் ஏறுகிறது?

—

வண்டிப்பெரியாறு வாசி | ஞாயிறு, இரவு 9:51

ரெண்டு, மூணு. வளைவில் எல்லாம் ரெண்டுதான்.

—

ஓய்வு ஓட்டுநர், கம்பம் | ஞாயிறு, இரவு 9:55

அப்புறம் என்ன.

—

மூணாறு ராஜா | ஞாயிறு, இரவு 10:20

எக்ஸாஸ்ட் பிரேக்கே வேண்டாம் பாஸ். புகைக்குழாயை அடைத்து ஓட்டுவது என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற மாதிரி. இன்ஜின் சூடாகும், டர்போ போகும், வால்வு போகும். நான் 12 வருடமாக ஜீப்பும் டெம்போவும் ஓட்டுகிறேன், கால் பிரேக்தான். நேரான இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசலும் மிச்சம்.

—

கட்டப்பனை மெக்கானிக் | ஞாயிறு, இரவு 10:48

ராஜா சார், நியூட்ரல் விஷயத்தை முதலில் விட்டுவிடுங்கள். இன்றைய டீசல் வண்டியில் கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டருக்கு டீசலே போகாது, சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரல் போட்டால் இன்ஜின் நிற்காமல் இருக்க ஐட்லிங்குக்கு டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சப்படுத்துவதாக நினைத்துச் செலவு செய்கிறீர்கள். போதாததற்கு, கையில் ஒரு பிரேக் குறைகிறது.

எக்ஸாஸ்ட் பிரேக் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பயம் போகும். பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் வழியில் ஒரு மூடி உண்டு, காலை எடுத்தால் அது மூடிக்கொண்டு இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். டீசலில் பெரும்பாலும் அந்த மூடி கிடையாது. காற்று தாராளமாக உள்ளே போகும், அமுக்கிய காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும், அதனால் டீசலுக்கு இயல்பாகவே பிடிப்புக் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் டர்போவுக்குப் பின்னால் புகைக்குழாயில் ஒரு வட்டத் தகடு வைத்தார்கள். அதுதான் பட்டர்ஃபிளை. அது மூடினால் குழாயில் அழுத்தம் ஏறும், புகையை வெளியே தள்ள வருகிற பிஸ்டன் அந்த அழுத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். இன்ஜின் அப்போது ஒரு ஏர் கம்ப்ரசர், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் டீசல் எரிவதே இல்லை, குழாயில் இருப்பது வெறும் காற்று. காற்றை அமுக்குவதால் சூடு வரும், அது ரேடியேட்டர் தண்ணீருக்கும் புகைக்குழாய்க்கும் போகும். ரேடியேட்டர் செய்யப்பட்டதே அதற்குத்தான். டிரம் இடைவிடாத சூட்டுக்காகச் செய்யப்படவில்லை.

டர்போ பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு. ஏற்கெனவே தேய்ந்த டர்போ என்றால் அந்த அழுத்தத்தில் ஆயில் கசிவு வெளியே தெரியும். ஆனால் டர்போவைத் தேய்த்தது எக்ஸாஸ்ட் பிரேக் இல்லை.

வண்டிப்பெரியாறு சார், உங்கள் கேஸ் வெறும் கியர் தப்பு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். நாலாவது கியரில்கூட லேசாக ஒரு இழுப்பு தெரிய வேண்டும். வண்டி வாங்கிய பிறகு எவ்வளவு நாள் நின்றது?

—

வண்டிப்பெரியாறு வாசி | திங்கள், காலை 6:30

பாடி வேலைக்குக் கொடுத்த இடத்தில் ஏழு மாதம். அதன்பின் வீட்டு வாசலில் இந்த மழைக்காலம் முழுக்க. மொத்தம் பதினோரு மாதத்தில் 900 கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

—

கட்டப்பனை மெக்கானிக் | திங்கள், காலை 7:05

நினைத்தேன். லாரிக்காரன் இதைத் தினம் நூறு தடவை போடுகிறான், அவனுக்குத் தகடு இறுகுவதில்லை. நிற்கிற வண்டியில்தான் தகட்டின் தண்டில் கரி படியும், மழை ஈரத்தில் துரு ஏறும், ரெண்டும் சேர்ந்தால் சிமென்ட் மாதிரி. தகட்டைத் திருப்பும் சின்ன ஏர் சிலிண்டர் தள்ளும், தண்டு திரும்பாது, திரும்பினாலும் பாதியில் நிற்கும்.

‘உஸ்’ என்ற சத்தம் தகடு மூடியதற்குச் சாட்சி இல்லை. அது சிலிண்டருக்குள் காற்று போகும் சத்தமாகவோ, எங்கோ கசியும் சத்தமாகவோ இருக்கலாம். விளக்கும் அப்படித்தான். பல வண்டிகளில் ஸ்விட்சுக்குக் கரண்ட் போனாலே எரிந்துவிடும்.

இன்று செய்ய வேண்டியது: வண்டி நன்றாக ஆறியபின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஏர் டேங்க் நிறைந்தபின் ஒருவர் மேலே உட்கார்ந்து லீவரை இழுக்கட்டும். சில வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும், அப்படியென்றால் கையையும் சட்டையையும் ஃபேன் பெல்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கீழே ஒருவர் டார்ச் அடித்து, தண்டில் இருக்கும் கை எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கட்டும். அது கடைசி வரை போய் ஸ்டாப்பர் போல்ட்டில் முட்ட வேண்டும். விட்டதும் பட்டென்று திரும்ப வேண்டும். சோப்புத் தண்ணீரை ஏர் குழாய் இணைப்புகளில் அடியுங்கள். அப்புறம் டர்போவிலிருந்து தகடு வரைக்கும் உள்ள ஜாயிண்ட்களில் கரும் கோடு தெரிகிறதா பாருங்கள்.

—

தேவிகுளம் கணக்கு வாத்தியார் | திங்கள், மதியம் 1:15

சாப்பாட்டு இடைவேளையில் ஒரு சின்னக் கணக்கு.

வண்டி 7 டன் என்று வைப்போம். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை உயர வித்தியாசம் ஏறத்தாழ 1000 மீட்டர். 7000 × 9.81 × 1000, சுமார் 6.9 கோடி ஜூல். இந்தச் சக்தி எங்காவது போயாக வேண்டும். காற்றும் டயர் உருளும் தடையும் நாலில் ஒரு பங்கு தின்றாலும், மிச்சம் முழுக்க எங்கோ சூடாகத்தான் மாறும்.

6.9 கோடி ஜூல் என்றால் எவ்வளவு? 25 டிகிரியில் இருக்கும் சுமார் 220 லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரும் சூடு. ஒரு பெரிய டிரம் தண்ணீர். முக்கால் மணி நேரத்தில் இறங்கினால் சராசரியாக 25 கிலோவாட், அதாவது வீட்டில் வாளியில் போடும் 1 கிலோவாட் ஹீட்டர் 25 இடைவிடாமல் எரிகிற மாதிரி. அத்தனையையும் நாலு சக்கரத்து இரும்பில் வைத்தால் புகை வராமல் என்ன வரும்?

—

கொழிஞ்சாம்பாறைக்காரி | திங்கள், மாலை 4:44

வாத்தியார் சார், இதை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். “நான் அப்பவே சொன்னேன்” என்கிறார். சொல்லவே இல்லை.

நாங்கள் பாலக்காட்டுப் பக்கம் சமவெளிக்காரர்கள். வாளையாறு கணவாயில் மேடு பள்ளமே தெரியாது, அதனால் மலை ஓட்டம் பழக எனக்கு நாளாயிற்று. எங்கள் கேரவனும் இதே அளவுதான், பெரும்பாலும் நான்தான் ஓட்டுவேன். ரெண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, மழை. எக்ஸாஸ்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், இன்ஜினோடு சேர்ந்தது அதுதானே. நேரியமங்கலம் இறக்கத்தில் தூறல், ரோடு முழுக்க ஈர இலை, வளைவில் எக்ஸாஸ்ட் போட்டபடியே திருப்பினேன். பின்பக்கம் மெதுவாக வெளியே நழுவியது. ஒரு அடிகூட இருக்காது, ஆனால் என் உயிர் போய்த் திரும்பியது. அதிலிருந்து ஈர வளைவுக்கு முன்பே வேகத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, லீவரை விட்டுவிட்டு, சின்ன கியரோடு மட்டும் திருப்புவேன்.

ரெண்டாவது, தம்பி, உங்கள் தண்ணீர் டேங்க் எத்தனை லிட்டர்? கிளம்பும்போது நிரப்பினீர்களா?

—

வண்டிப்பெரியாறு வாசி | திங்கள், மாலை 5:02

350 லிட்டர், அக்கா. நிரப்பித்தான் கிளம்பினோம். எங்கள் ஊர்த் தண்ணீர் ருசியாக இருக்கும்.

—

கொழிஞ்சாம்பாறைக்காரி | திங்கள், மாலை 5:10

ருசியான தண்ணீரை மலை உச்சியிலிருந்து கீழே கொண்டுபோய், கோட்டயத்தில் பாத்திரம் கழுவியிருக்கிறீர்கள்.

—

தேவிகுளம் கணக்கு வாத்தியார் | திங்கள், மாலை 5:31

அந்த 350 லிட்டர் மட்டும் கீழே வரும்போது இன்னொரு 11 லிட்டரைக் கொதிக்க வைக்கும் சூட்டைக் கொடுத்திருக்கும். டீ போட்டிருக்கலாம்.

—

டென்வர் தென்காசிக்காரன் | செவ்வாய், காலை 8:20

வெளியிலிருந்து ஒரு குரல். எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டை பக்கம், இப்போது இருப்பது கொலராடோ. இங்கே ஒரு பழைய டீசல் மோட்டார் ஹோம் வைத்திருக்கிறேன். பின்னால் இன்ஜின், 5.9 லிட்டர் கம்மின்ஸ், ஆலிசன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். எடை 12 டன்னுக்குக் கொஞ்சம் மேல்.

இங்கே ஐசன்ஹோவர் சுரங்கம் என்று ஒன்று உண்டு, கடல் மட்டத்திலிருந்து 3400 மீட்டர் உயரத்தில். அதிலிருந்து மேற்கே சில்வர்தார்ன் பக்கம் இறங்கும் நெடுஞ்சாலையில் பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சரளை கொட்டிய மேட்டுப் பாதைகள் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் புத்தி வந்தது.

ஆட்டோமேட்டிக்கில் ஒரு வசதி. எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்சைப் போட்டதும் கியர்பாக்ஸ் தானாகவே சின்ன கியரைத் தேடி இறங்கும், இன்ஜின் சுற்று ஏறும், பிடிப்பு வரும். அந்த வேலையை உங்கள் மேனுவல் வண்டியில் நீங்கள்தான் செய்ய வேண்டும், அதுவும் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே. நடு இறக்கத்தில் கிளட்ச் மிதித்தால் எக்ஸாஸ்ட் பிரேக் தானாக விட்டுவிடும். கியரும் விழவில்லை என்றால் கையில் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று. இங்கே சத்தமாக ‘டடடட’ என்று இறங்கும் லாரிகளில் இருப்பது எக்ஸாஸ்ட் பிரேக் இல்லை, ஜேக் பிரேக். கிளெஸ்ஸி கம்மின்ஸ் கண்டுபிடித்து ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது அமுக்கிய காற்றைச் சிலிண்டர் வால்வு வழியாகவே வெளியே விட்டுவிடும், பிடிப்பு இன்னும் அதிகம். ரெண்டையும் குழப்பிக்கொண்டு யூடியூப் பார்த்து எதிர்பார்ப்பை ஏற்றிக்கொள்ளாதீர்கள். நம்முடையது சாதுவான தம்பி.

என் வண்டியும் குளிர்காலம் முழுக்க நிற்கும். வாங்கிய முதல் வசந்தத்தில் ஸ்டார்ட் செய்தால் கரும்புகை, ஏற்றத்தில் இழுக்கவே இல்லை. தகடு பாதி மூடி இறுகியிருந்தது. பிடிக்காமல் இறுகினால் இறக்கத்தில் ஆபத்து, மூடி இறுகினால் ஏற்றத்தில் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். நம்ம மூணாறு ராஜா சொன்ன மூக்குப் பொத்தல் அப்போதுதான் உண்மை.

—

மூணாறு ராஜா | செவ்வாய், காலை 8:41

சரி சரி. நியூட்ரலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பழைய ஜீப்பில் எக்ஸாஸ்ட் பிரேக்கே கிடையாதே, எப்படி இறங்கினோம்?

—

ஓய்வு ஓட்டுநர், கம்பம் | செவ்வாய், காலை 9:15

ரெண்டு டன்னை இறக்கினீர்கள், ராஜா. ஏழு டன்னை இல்லை.

—

வண்டிப்பெரியாறு வாசி | புதன், இரவு 8:10

ரிப்போர்ட். நேற்று குமுளியில் எடை மேடையில் ஏற்றினேன். தண்ணீர் நிரம்ப, ஆள் இல்லாமல் 6,940 கிலோ. ஆர்.சி.யில் மொத்த எடை 7,200 என்று இருக்கிறது. நாங்கள் ஆறு பேர், சாமான், அரிசி மூட்டை (மாமியார் வீட்டுக்கு) எல்லாம் சேர்த்தால் தாண்டிவிட்டது என்றே அர்த்தம். வெட்கமாக இருக்கிறது.

இன்று கீழே படுத்துப் பார்த்தோம். கட்டப்பனை ஆசான் சொன்னது அப்படியே. தண்டின் கை பாதி தூரம்தான் திரும்புகிறது, விட்டாலும் சோம்பேறித்தனமாகத் திரும்புகிறது. சிலிண்டருக்குப் போகும் நைலான் குழாய் இணைப்பில் சோப்பு நுரை கொப்பளித்தது. மூணாவது ஒன்றும் இருக்கிறது: பாடி கட்டிய இடத்தில் கழிவுநீர் டேங்குக்கு இடம் வேண்டும் என்று புகைக்குழாயைக் கழற்றி வளைத்து மாட்டியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது பழைய கேஸ்கட்டையே போட்டிருக்கிறார்கள் போல, தகட்டுக்கு முன்னால் குழாய்கள் இணையும் ஃபிளாஞ்ச் முழுக்கக் கரி. போதாததற்கு ஏர் ஹாரனுக்கும் இதே லைனிலிருந்துதான் ஒரு கிளை இணைப்பு போட்டுக் காற்று எடுத்திருக்கிறார்கள்.

—

கட்டப்பனை மெக்கானிக் | புதன், இரவு 8:55

மூன்றும் சேர்ந்தால் எப்படிப் பிடிக்கும்? தகடு பாதி மூடுகிறது, அந்தப் பாதியில் ஏறும் அழுத்தமும் கேஸ்கட் வழியாகப் போகிறது. பாத்திரத்தில் ஓட்டை, மூடியும் சரியில்லை, பிரஷர் குக்கர் விசில் அடிக்கவில்லையே என்றால்?

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். தண்டின் ரெண்டு முனையிலும் துரு இளக்கும் ஆயிலை அடித்து ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் சிலிண்டர் ராடைக் கழற்றிவிட்டு, தண்டைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். திரும்ப ஆயில், திரும்ப ஆட்டல். பொறுமை வேண்டும். சுத்தியல் எடுத்தால் தண்டு வளையும், தகடு ஓரம் குழாயில் உரசும், அப்புறம் யூனிட்டையே மாற்ற வேண்டியதுதான்.

சாதாரண சேசிஸ் கிரீஸ் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் அது வெந்து அதுவே கரியாகிவிடும். அதிக சூடு தாங்கும் கிராஃபைட் வகை லூப்ரிகண்ட் கிடைக்கும், அது மட்டும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் ஒரு முறை.

தகடு இளகியதும் ராடை மாட்டி, கை ஸ்டாப்பரில் முட்டுகிறதா பாருங்கள். ஃபிளாஞ்சுக்குப் புதுக் கேஸ்கட், புதுப் போல்ட். ஏர் ஹாரனை இந்த லைனிலிருந்து பிரித்துவிடுங்கள், ஹாரன் அடித்தால் பிரேக் தளரும் வண்டியை நான் பார்த்தே இருக்கிறேன். ஏர் டேங்கின் அடியில் உள்ள வடிகாலைத் தினமும் திறந்து தண்ணீரை விடுங்கள், அந்த ஈரம்தான் சிலிண்டருக்குள் போய்த் துருப்பிடிக்க வைக்கிறது.

தகட்டின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருக்கலாம், அல்லது மூடியபின்னும் ஓரத்தில் மெல்லிய இடைவெளி இருக்கலாம். ஒருவர் போன மாதம் “இதை அடைத்தால் நன்றாகப் பிடிக்குமே” என்று வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தார். செய்யாதீர்கள். அழுத்தம் ஒரு அளவுக்கு மேல் போனால் எக்ஸாஸ்ட் வால்வின் ஸ்பிரிங்கை மீறி வால்வைத் தானாகவே திறந்துவிடும், அப்போது தட்டுகிற சத்தம் கேட்டால் செலவு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாத வண்டிக்கு வெளியே வாங்கிப் பொருத்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அந்த இன்ஜின் எவ்வளவு எதிர் அழுத்தம் தாங்கும் என்று கம்பெனி புத்தகத்தில் பார்த்த பிறகுதான் யூனிட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

—

டென்வர் தென்காசிக்காரன் | வியாழன், காலை 7:30

ஆமாம், என் பழைய 12 வால்வு கம்மின்ஸிலும் இதே கதைதான். கடினமான ஸ்பிரிங் போட்டபிறகுதான் பலமான எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கலாம் என்பார்கள்.

இன்னொரு கேள்வி: லீவரை இழுக்கும்போது உங்கள் வண்டியில் பின்னால் பிரேக் லைட் எரிகிறதா? என்னுடையதில் எரியாது. பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு நாம் வேகம் குறைப்பதே தெரியாது. அதனால் முதலில் பெடலைத் தொட்டு ஒரு மின்னல் காட்டிவிட்டுத்தான் எக்ஸாஸ்ட் போடுவேன்.

—

வண்டிப்பெரியாறு வாசி | வியாழன், காலை 7:44

பார்க்கிறேன் அண்ணே. கால் பிரேக்கையும் பார்க்க வேண்டுமா? சூடாகிவிட்டதே.

—

கட்டப்பனை மெக்கானிக் | வியாழன், காலை 8:30

கட்டாயம். நாலு டிரம்மையும் கழற்றுங்கள். உள்ளே நீல நிறமோ மயிர்க்கோடு மாதிரி வெடிப்போ இருந்தால் டிரம் மாற்ற வேண்டும். லைனர் கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது இனிமேல் பிடிக்காது. வீல் பேரிங் கிரீஸ் உருகி லைனரில் வழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெடல் ஆழமாகப் போனது என்றீர்கள்: டிரம் சூட்டில் விரியும்போது லைனர் அதைத் தொட கூடுதல் தூரம் போக வேண்டும், லைனரைத் தள்ளும் ஏர் சேம்பரின் ராடுக்கு அந்த நீளம் ஒரு அளவுக்கு மேல் கிடையாது. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போயிருந்தால் ராடு முழுக்க நீண்டும் பிடிப்பு இருந்திருக்காது. பெருவந்தானத்தில் நிறுத்தினீர்களே, நல்ல நேரம்.

—

ஓய்வு ஓட்டுநர், கம்பம் | வியாழன், காலை 10:05

எல்லாம் சரி செய்தபின் எப்படி இறங்குவது என்று நான் சொல்கிறேன்.

இறக்கம் தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே மூணுக்கோ ரெண்டுக்கோ வந்துவிடுங்கள். லீவரை இழுங்கள். காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து முழுக்க எடுங்கள், கால் அதன்மேல் லேசாகப் பட்டாலும் பல வண்டிகளில் எக்ஸாஸ்ட் விட்டுவிடும். இப்போது வண்டி ஒரு வேகத்தில் நிற்கும். நின்றுவிட்டால் நீங்கள் சரியான கியரில் இருக்கிறீர்கள். ஏறிக்கொண்டே போனால் இன்னும் ஒரு கியர் கீழே போயிருக்க வேண்டியது, அதைக் கால் பிரேக்கால் வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். சுற்று காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடக் கூடாது. இறக்கத்தில் சக்கரம் இன்ஜினைச் சுற்றும்போது டீசலை நிறுத்தி இன்ஜினைக் காப்பாற்ற யாராலும் முடியாது, டீசல்தான் ஏற்கெனவே போகவில்லையே.

கால் பிரேக்கை வைத்துத் தேய்க்காதீர்கள். 30-ல் போக நினைத்தால், 30 வந்ததும் நன்றாக மிதித்து மூணு வினாடியில் 22-க்குக் கொண்டுவந்து முழுக்க விடுங்கள். திரும்ப 30 வரட்டும். அந்த இடைவெளியில் டிரம் மூச்சு வாங்கும். சும்மா பொத்துப் பொத்தென்று அடித்துக்கொண்டே இருந்தால் டேங்கில் காற்று தீர்ந்துவிடும்.

ஏறி வருகிற வண்டிக்கு வழி விட்டு நில்லுங்கள். அது சட்டமும்கூட. நிற்பது உங்களுக்கும் நல்லதுதான்.

—

கொழிஞ்சாம்பாறைக்காரி | வியாழன், பகல் 12:20

ஐயா, பெண்கள் ஓட்டினால் பின்னால் ஹாரன் அடித்தே இறக்கிவிடுகிறார்களே, அதற்கு என்ன கியர்?

—

ஓய்வு ஓட்டுநர், கம்பம் | வியாழன், பகல் 12:34

அதே ரெண்டாவது கியர்தான், அம்மா. அகலமான இடம் வந்தால் ஒதுங்கி விடுங்கள், வராத வரைக்கும் அவன் ஹாரன் அடிக்கட்டும்.

—

வண்டிப்பெரியாறு வாசி | அடுத்த ஞாயிறு, இரவு 7:50

எல்லாருக்கும் நன்றி. தகட்டை இளக்க ரெண்டு ராத்திரி ஆயிற்று. மூணாவது நாள் காலை கை பட்டென்று போய் ஸ்டாப்பரில் முட்டியபோது மச்சினன் கைதட்டினான். புதுக் கேஸ்கட், ஏர் ஹாரன் தனி லைன், பின் சக்கரம் ரெண்டுக்கும் புது லைனர். டிரம் தப்பித்தது.

அதைப் பார்த்துவிடலாம் என்று இன்று பூப்பாறை வழியாகப் போடிமெட்டு போய், 17 கொண்டை ஊசி வளைவும் இறங்கி போடிக்குப் போனோம். மெட்டு செக்போஸ்ட்டிலேயே ரெண்டாவது கியர். லீவரை இழுத்ததும், ஐயா சொன்ன மாதிரியே, பின்னால் யாரோ கயிறு கட்டிப் பிடித்த உணர்வு. உள்ளே தட்டு, டம்ளர் எல்லாம் ஒரு முறை முன்னால் வந்து நின்றது. சத்தம்கூட வேறு மாதிரி, முன்பு சீறியது, இப்போது அடித்தொண்டையில் உறுமுகிறது. வளைவில் மட்டும் கால் பிரேக். கீழே முந்தல் வந்து நிறுத்தி டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன், வெதுவெதுப்புதான். நாற்றம் இல்லை.

பிரேக் லைட் எரியவில்லை, டென்வர் அண்ணே. எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன்.

—

மூணாறு ராஜா | அடுத்த ஞாயிறு, இரவு 8:02

என் டெம்போவில் அந்த லீவர் இருக்கிறது. இன்று இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கட்டப்பனை ஆசானே, புதன்கிழமை கடை உண்டா?

—

கட்டப்பனை மெக்கானிக் | அடுத்த ஞாயிறு, இரவு 8:06

உண்டு. காலையிலேயே வாருங்கள். வரும்போது கியரில் வாருங்கள்.

—

கொழிஞ்சாம்பாறைக்காரி | அடுத்த ஞாயிறு, இரவு 8:30

தம்பி, தண்ணீர் டேங்க்?

—

வண்டிப்பெரியாறு வாசி | அடுத்த ஞாயிறு, இரவு 8:33

காலி, அக்கா. ஒரு குடம் மட்டும் குடிக்க. மிச்சத்தைப் போடியில் பிடித்தோம். உப்புக் கரிக்கிறது.